எண்ணெய்ப் புட்டிக்குத் தனிச் சின்னம்

சொந்த நிலத்துக் கடலையைச் செக்கில் ஆட்டி விற்க முன்வரும் விவசாயிகள், புட்டியில் ஒட்டும் சின்னத்தைக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடலை, செக்கு ஆகிய படங்களைப் பலரும் போடுவதால் அவை தனித்துத் தெரிவதில்லை. பிறர் போடுவதைத் தடுப்பதும் கடினம். தொழிலோடு தொடர்பில்லாத எளிய உருவமே ஏற்றது. ஒரே வண்ணத்தில், கட்டைவிரல் அளவில் அச்சிட்டாலும் அது தெளிவாகத் தெரிய வேண்டும்.

வரைந்தவரிடம் உரிமையை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. அதேபோன்ற சின்னம் வேறொருவருக்கு உள்ளதா என்று வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் பார்த்த பிறகே லேபிள் அச்சடிக்க வேண்டும். இல்லையேல் அச்சுக் கூலி வீணாவதுடன் வழக்கும் வரலாம்.

சமையல் எண்ணெய் 29ஆம் வகுப்பில் அடங்கும். தனிநபர் இணையவழி விண்ணப்பிக்கக் கட்டணம் 4,500 ரூபாய். பதிவு 10 ஆண்டுகள் செல்லும், பின்னர் புதுப்பிக்கலாம். பதிவாகுமுன் வட்டத்துக்குள் 'ஆர்' குறி போடுவது குற்றமாகும்.