தோளைத் தொட்ட காதுக்கு ஆபரேஷன்! பாட்டி எடுத்த முடிவால் வீடு ரெண்டு பட்டது

மூக்கை நிமிர்த்துவது, வழுக்கையில் முடி நடுவது, தொப்பையைக் கரைப்பது... அழகுக்காக ஆபரேஷன் என்றாலே அது சினிமாக்காரர்கள் சமாச்சாரம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் மதுரைச் சீமையில் பட்டிக்காட்டுப் பாட்டிமார்கள் சத்தமில்லாமல் செய்து கொண்ட அழகு ஆபரேஷன் ஒன்று உண்டு. அதுதான் காது ஆபரேஷன்!

தண்டட்டியும் பாம்படமும் போட்டுத் தோள் வரை தொங்கிய காதை அளவாக வெட்டி, தைத்து, சின்னத் தோடு போடும் காதாக மாற்றுவதுதான் அது. செய்து கொள்ளலாமா, வேண்டாமா என்ற கேள்வி வந்துவிட்டால் போதும். வீட்டில் ஆளுக்கு ஒரு பேச்சு!

பஞ்சு முதல் பாம்படம் வரை

அந்தக் காலத்தில் பெண் குழந்தைக்குக் காது குத்தியதும் ஓட்டையில் பஞ்சைத் திணிப்பார்கள். ஓட்டை பெரிதானதும் குணுக்கு என்ற கனமான வளையத்தை மாட்டுவார்கள். கனம் கூடக் கூடக் காது இறங்கும். பிறகுதான் தண்டட்டி, பாம்படம், முடிச்சு என்று தங்கம் ஏறும். மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கம் காது வளர்க்காத பெண்ணைக் கேலி செய்த காலம் அது. 1909-ல் 7 தொகுதிகளாக வெளிவந்த தர்ஸ்டன் துரையின் தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலிலும் இந்தக் காதுகள் இடம் பெற்றிருக்கின்றன.

காலம் மாறியது. கம்மலும் ஜிமிக்கியும் வந்தன. எந்தக் காதுக்குப் பெருமை இருந்ததோ அதே காதைப் பார்த்துப் பேரன் பேத்திகள் சிரிக்கத் தொடங்கினார்கள்.

"வெறுங்காதா தொங்குது"

செல்லூர்ப் பக்கம் மகன் வீட்டில் இருக்கும் 74 வயதுப் பாட்டி ஒருவரின் கதையும் இப்படித்தான். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவர். மகன் படிப்புக்காகப் பாம்படத்தை விற்று வருஷம் பல ஆகிறது. நகை போய்விட்டது, காது மட்டும் மிச்சம்!

"தங்கம் கெடந்தா அது காது. வெறுங்காதாத் தொங்குனா அது தரித்திரம். கல்யாண வீட்டுக்குப் போனா முந்தானையை இழுத்து மூடிக்கிட்டே உக்கார வேண்டியிருக்கு" என்பது பாட்டியின் குறை.

பேத்தி கல்யாணம் நிச்சயமானதும் பாட்டி வாயைத் திறந்தார். "எனக்குக் காதை வெட்டித் தச்சு விட்ருங்கடா. ரெண்டு கல்லுத்தோடு போட்டு மணமேடையில நிக்கணும்."

வீட்டில் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது!

"ஏம்மா, இந்த வயசுல ஒனக்கு எதுக்கு அழகு? ஊரு சிரிக்கும்" என்றார் மகன்.

"செஞ்சுக்கங்க அப்பத்தா, சூப்பரா இருக்கும்" என்றாள் பேத்தி.

மருமகளுக்கோ வேறு பயம். "அத்தே, நாளைக்கு நாந்தான் ஒங்க காதை அறுக்கச் சொன்னேன்னு நாத்தனாரு வந்து நிப்பாங்க. என்னைய இதுல இழுக்காதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவர் சொன்னபடியே நடந்தது. விஷயம் தெரிந்த மகள், மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கி அண்ணியிடம் சண்டை பிடித்தார்!

எல்லோரையும் விட அதிகம் வருத்தப்பட்டவர் பாட்டியின் தங்கை. அவருக்கும் அதே நீளக் காது. "அக்கா, நாளைக்கு மேல போனா நம்ம ஆத்தாவுக்கு ஒன்னைய அடையாளம் தெரிய வேணாமா?" என்று கேட்டுக் கண் கலங்கினார். அதுவரை எல்லோருக்கும் பதில் சொன்ன பாட்டி, இதற்கு மட்டும் வாய் திறக்கவில்லை. ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

மூன்றாம் நாள் காலையில் மகனைக் கூப்பிட்டு, "இந்தக் காதை வளத்தப்ப என்னைய யாரும் கேக்கல. அஞ்சு வயசுல ஒக்கார வச்சுக் குணுக்கை மாட்டுனாய்ங்க. இப்பவாச்சும் நான் சொல்றதைக் கேளு" என்றார். மகன் மறுபேச்சுப் பேசவில்லை.

ஆபரேஷன் எப்படி?

இதற்கு முழு மயக்கம் தேவையில்லை. காதுக்கு மட்டும் மரத்துப்போகும் ஊசி போடுகிறார்கள். தொங்கும் சதையில் வேண்டாததை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைச் சேர்த்து மெல்லிய நூலால் தைக்கிறார்கள். பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். சுமார் ஒரு வாரத்தில் தையல் பிரிப்பார்கள். ரெண்டு மூன்று மாதம் கழித்து, தழும்பைத் தவிர்த்து வேறு இடத்தில் காது குத்திக் கொள்ளலாம். தழும்பிலேயே குத்தினால் மறுபடி கிழியும்!

சர்க்கரை வியாதி உள்ளவர்கள் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே போக வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சிலருக்குத் தழும்பு தடித்துக் கட்டி போல் வளரும். காது மடலில் இது அதிகம். முன்பு எங்காவது அப்படி வளர்ந்திருந்தால் மறைக்கக் கூடாது.

பாட்டிக்குச் சர்க்கரை இல்லை. ஆபரேஷன் முடிந்து, கல்யாணத்துக்குள் தோடும் ஏறியது. மணமேடையில் பாட்டியை அடையாளம் தெரியாமல் சம்பந்தி வீட்டார், "பெரியவங்க யாரு?" என்று கேட்டார்கள். மகளுக்குக் கோபம் தீரவில்லை. தாயோடு சேர்ந்து போட்டோ எடுக்க வரவில்லை. தங்கை மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, அக்காவின் காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக் கொண்டிருந்தார். "நீயும் தச்சுக்கிறியா?" என்று கேட்டதற்கு, "எனக்கு வேணாம்க்கா. ஒனக்கு நல்லாத்தான் இருக்கு" என்றாராம்!

சுசுருதர் காலத்து வைத்தியம்

இது ஏதோ வெள்ளைக்காரன் கொண்டு வந்த நாகரிகம் என்று நினைத்தால் தப்பு. கிழிந்த காதை ஒட்ட வைக்க 15 வழிகளைப் பழைய சுசுருத சம்ஹிதை சொல்கிறது. கனமான காதணி போடும் நாட்டில் காது ஒட்டும் வைத்தியமும் இருந்ததில் ஆச்சரியம் என்ன?

நீளக் காது பாட்டிகள் இன்று அரிதாகிவிட்டார்கள். ஆனால் காது ஆபரேஷன் குறைந்தபாடில்லை. கனமான ஜிமிக்கி போட்டு ஓட்டை நீண்டு போனவர்கள், கைக்குழந்தை பிடித்து இழுத்துக் காது கிழிந்தவர்கள், திருடன் கம்மலைப் பறித்ததில் அறுந்தவர்கள் என்று இளம்பெண்களும் தையலுக்கு வருகிறார்கள்.

பார்லரில் ஏமாறாதீர்கள்!

"தையல் வேண்டாம், மருந்து தடவினால் ஓட்டை ஒட்டிவிடும்" என்று சில அழகு நிலையங்களில் சொல்கிறார்கள். அந்த மருந்து தோலை எரிக்கும் ஆசிட் வகையாக இருக்கலாம். அளவு தவறினால் காது வெந்து புண்ணாகும். டாக்டர் இல்லாத இடத்தில் இந்த விஷப்பரீட்சை கூடவே கூடாது.

பிளாஸ்டிக் சர்ஜரிக்கு எம்.சி.எச். என்ற மேல்படிப்பு இருக்கிறது. போர்டில் அது இருக்கிறதா என்று பார்ப்பதில் வெட்கமில்லை. அழகுக்காக மட்டும் செய்யும் ஆபரேஷனுக்கு மருத்துவ இன்சூரன்ஸ் பொதுவாகப் பணம் தராது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கையில் காசு இல்லாதவர்கள் கடன் வாங்கி ஓட வேண்டியதும் இல்லை. மதுரை பெரியாஸ்பத்திரியிலேயே பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கிறது. வெளிநோயாளி சீட்டு வாங்கிக் கொண்டு போய், செய்யலாமா கூடாதா என்று முதலில் டாக்டரைக் கேட்கலாம். ஊரைக் கேட்பது அதற்கு அப்புறம்!