லண்டனில் வெட்டிய தங்கம்

கூடலூரில் சுல்தான் பத்தேரி பஸ் பிடித்தால் நாடுகாணி, தேவாலா, பந்தலூர், சேரம்பாடி என்று ஊர்கள் வரிசையாக வரும். இரண்டு பக்கமும் தேயிலை. தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் குடையை மடக்க நேரம் இருக்காது. டீக்கடை, ரேஷன் கடை, ஜீப் ஸ்டாண்டு என்று நீலகிரியின் மேற்கு ஓரத்தில் எந்த ஊரிலும் இருப்பவைதான் பந்தலூரிலும் இருக்கின்றன. ஆனால் 1880-ல் இந்த ஊர்ப் பெயர்கள் லண்டன் பங்குத் தரகர்களின் வாயில் புரண்டுகொண்டிருந்தன. 1879 டிசம்பரில் தொடங்கி சுமார் இரண்டே ஆண்டுகளில், இந்த மலைச்சரிவில் தங்கம் எடுக்கப்போவதாகச் சொல்லி நாற்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் இங்கிலாந்தில் முளைத்தன. காகிதத்தில் அவற்றின் மொத்த முதல் சுமார் 50 லட்சம் பவுன். அன்றைய மாற்று விலையில் ஏறக்குறைய 6 கோடி ரூபாய்.

எடுத்த தங்கம், போட்ட பணத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

இங்கே தங்கம் இருப்பது ஊராருக்குப் புதிய செய்தியல்ல. குறும்பரும் பணியரும் தலைமுறைகளாக ஆற்று மணலை அரித்துத் தங்கப்பொடி எடுத்தவர்கள். மரவையில் மணலையும் தண்ணீரையும் அள்ளி மெல்லச் சுழற்றினால் லேசான மண் விளிம்பு தாண்டி வழிந்துவிடும். கனமான கருமணலும் பொன்துகளும் அடியில் தங்கும். மலையில் அவர்கள் வெட்டிய பழைய குழிகளும் ஏராளம். 1830-களில் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு ஒரு ராணுவ அதிகாரியை அனுப்பி இதையெல்லாம் ஆராயச் சொன்னது. கட்டுப்படியாகாது என்று விட்டுவிட்டது.

சுமார் நாற்பது ஆண்டு கழித்து அதே மண்ணை வெள்ளைக்காரர்கள் மறுபடி கிளறியதற்குக் காரணம் காபி. அன்று வயநாடு என்றே அழைக்கப்பட்ட இந்த மலைச்சரிவில் காபித் தோட்டம் போட்ட ஐரோப்பியர்களை முதலில் தண்டுத் துளைப்பான் புழு வாட்டியது. பிறகு இலைத்துரு நோய் வந்தது. 1869-ல் இலங்கைத் தோட்டங்களில் தென்பட்டு, காலப்போக்கில் அங்கே காபியையே துடைத்தெறிந்த அந்தப் பூஞ்சை, தென்னிந்திய மலைகளுக்கும் பரவியது. கடனில் மூழ்கிய துரைமார்களுக்குக் காபிச்செடிக்குக் கீழே ஓடிய வெள்ளைக்கல் பாறைதான் கண்ணில் பட்டது. 1874-ல் ஆல்ஃபா என்ற கம்பெனி தேவாலா பக்கம் வேலையைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங் முதல்கட்ட அறிக்கை ஒன்றைக் கொடுத்தார்.

அரசுக்கு அது போதவில்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் சுரங்கத் துறைச் செயலாளராக இருந்த ராபர்ட் ப்ரோ ஸ்மித்தை 1879-ல் வரவழைத்தது. தங்கத்தால் செழித்த மாநிலத்திலிருந்து வந்தவர். சுரங்க விஷயத்தில் பேர்போனவர். ஊழியர்களிடம் கொடுமையாக நடந்துகொண்டார் என்று விசாரணை நடந்து 1876-ல் அங்கே பதவி விலகியவர் என்பது இன்னொரு பக்கம். பாறைக்குப் பாறை மாதிரி எடுத்து அவர் சோதித்தார். 1880-ல் அவருடைய அறிக்கை வெளியானது. சில மாதிரிகளில் டன்னுக்கு இத்தனை அவுன்ஸ் என்று வந்திருந்த கணக்குகள் லண்டனில் பலரைத் தூங்கவிடவில்லை.

ஏழு கையெழுத்து போதும்

கலிபோர்னியாவிலும் விக்டோரியாவிலும் தங்க வேட்டை என்றால் தோளில் மண்வெட்டியோடு ஆயிரக்கணக்கில் ஆள் வந்து இறங்குவது. வயநாட்டில் அப்படி யாரும் வரவில்லை. நிலம் நிலம்பூர் கோவிலகம் போன்ற, பரம்பரை நிலவுடைமையாளர்களான ஜன்மிகளிடமும், அவர்களிடம் குத்தகைக்கு எடுத்திருந்த தோட்டக்காரர்களிடமும் இருந்தது. தனி ஆள் வந்து கொட்டகை போட இடமில்லை. ஆகவே வேட்டை லண்டனில் நடந்தது.

அதற்கு வழி சுலபம். 1862-ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி ஏழு பேர் கையெழுத்திட்டால் ஒரு கம்பெனியைப் பதிவு செய்யலாம். பங்குதாரரின் பொறுப்பு, வாங்கிய பங்கின் மதிப்போடு முடிந்துவிடும். நொடித்துப்போன காபித் தோட்டத்தைத் தங்கச் சுரங்கம் என்று பெயர் மாற்றி, பல மடங்கு விலை வைத்துக் கம்பெனிக்கு விற்பார்கள். விலையில் ஒரு பகுதி ரொக்கம், மீதி பங்குகள். திரட்டிய பணத்தில் பெரும்பங்கு நிலத்தை விற்றவருக்கும் கம்பெனியைத் தொடங்கிவைத்தவருக்கும் போனது. பாறையை உடைக்க மிஞ்சியது கொசுறு.

இப்படி எழுந்து கவிழ்ந்த கம்பெனிகளின் சுவடு லண்டனிலேயே இருக்கிறது. கலைக்கப்பட்ட கம்பெனிகளின் கோப்புகள் கியூ தேசிய ஆவணக் காப்பகத்தில் பி.டி. 31 என்ற வரிசையில் அடுக்கப்பட்டுள்ளன. கம்பெனியின் நோக்கத்தைச் சொல்லும் ஆவணம், ஏழு கையெழுத்து, பங்குதாரர்களின் பெயர், முகவரி, தொழில் ஆகியவற்றின் பட்டியல், கடைசியில் கலைப்பு அறிவிப்பு என்பது இத்தகைய கோப்பின் வழக்கமான அமைப்பு. விக்டோரியா காலத்து இந்தப் பட்டியல்களில் அடிக்கடி தட்டுப்படுகிறவர்கள் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகள், பாதிரியார்கள், விதவைகள். பந்தலூர் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம்கூட அவர்களுக்கு இருக்கவில்லை.

உலக்கையும் பாதரசமும்

1870-லேயே இங்கிலாந்துக்கும் பம்பாய்க்கும் இடையே கடலடித் தந்தி வந்துவிட்டது. தேவாலாவில் கிடைத்த நல்ல கல்லைப் பற்றிய சேதி லண்டனை எட்ட நெடுநாள் ஆகாது. ஆனால் அந்தக் கல்லை அரைக்கும் இயந்திரம் மலபார் கரைக்குக் கப்பலில் வந்து, நிலம்பூர் காடு கடந்து, கார்க்கூர் கணவாய் வழியாக மாடுகளும் ஆட்களும் இழுத்து மலையேற மாதக்கணக்கு ஆனது. மழையில் பாதை கரைந்தது. காட்டுக் காய்ச்சல் துரை, கூலி என்று பார்க்காமல் ஆளைச் சாய்த்தது. அதற்கு நடுவிலும் பந்தலூரும் தேவாலாவும் பங்களாக்களும் கடைகளுமாகப் பரபரத்தன.

வந்த இயந்திரத்தின் வேலை நம் வீட்டு உரல் உலக்கை செய்வதுதான். சில நூறு கிலோ எடையுள்ள இரும்பு உலக்கைகள் வரிசையாக ஏறி இறங்கி வெள்ளைக்கல்லை மாவாக்கும். தண்ணீரோடு சேர்ந்த அந்தக் குழம்பு, பாதரசம் பூசிய செப்புத் தகடுகள்மேல் வழியும். பொன்துகள் பாதரசத்தில் ஒட்டிக்கொள்ளும், மற்றது ஓடிவிடும். தகட்டைச் சுரண்டி எடுத்த கலவையைச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகித் தங்கம் மிஞ்சும்.

மேலே கிடைத்த கல்லில் இந்த வித்தை பலித்தது. காற்றும் மழையும் யுகயுகமாக அரித்த மேல்பாறையில் தங்கம் விடுபட்டு, செறிந்து கிடந்தது. ப்ரோ ஸ்மித் கண்ட அபாரக் கணக்குகளுக்கு இப்படிப்பட்ட மாதிரிகளே காரணம். ஆழம் போகப் போகத் தங்கம் குறைந்தது. இருந்ததும் கந்தகம் கலந்த இரும்புத் தாதுக்குள் சிக்கியிருந்ததால் பாதரசத்துக்குப் பிடிபடவில்லை. அத்தகைய தங்கத்தைப் பிரிக்க உதவிய சயனைடு முறைக்குக் கிளாஸ்கோவில் காப்புரிமை எடுக்கப்பட்டது 1887-ல். அதற்குள் இங்கே கடையைக் கட்டிவிட்டார்கள். 1882-ல் ப்ரோ ஸ்மித் இந்தியாவை விட்டுப் போனார். அரும்பாடுபட்டு ஏற்றிய இயந்திரங்கள், இறக்கும் செலவை ஏற்கக்கூட ஆளில்லாமல் காட்டிலேயே துருவேறின. சில இயந்திரங்கள் இயக்கப்படவே இல்லை.

இதே காய்ச்சலில், இதே லண்டனில், கோலாரில் தங்கம் தோண்ட 1880-ல் பிறந்ததுதான் மைசூர் கோல்டு மைனிங் கம்பெனி. அதை நிர்வகித்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் அலுவலகம் தேம்ஸ் கரையை ஒட்டிய குயின் ஸ்ட்ரீட் பிளேஸில் இருந்தது. கோலாரிலும் பணம் கரைந்தது, பங்கு விலை பாதாளத்துக்குப் போனது. கையிருப்பு தீரும் தறுவாயில், 1883-ல், சுரங்கத்தை நடத்திய கேப்டன் பிளம்மர் பழைய குழிகளின் அடியைத் தொடர்ந்து வெட்டிச் சாம்பியன் என்ற தங்கத் தாது நாளத்தைப் பிடித்தார். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே தோண்டிய அந்த வயல் மொத்தம் சுமார் 800 டன் தங்கம் தந்தது. வட ஆர்க்காடு, தருமபுரி, சேலம் பகுதிகளிலிருந்து போன தமிழர்களின் உழைப்பில் நடந்த கோலார் தங்கவயல் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. டெய்லர் கம்பெனியின் பொறுமை வயநாட்டுக்கு வாய்த்திருந்தாலும் பலன் இருந்திருக்காது. ஹேடன், ஹாட்ச் என்ற இரு புவியியலாளர்கள் வயநாட்டு வயல்களை மறுபடி ஆராய்ந்து 1901-ல் வெளியிட்ட அறிக்கை, முதல் போட யாரையும் தூண்டுவதாக இல்லை.

தங்கத்துக்குப் பிறகு தேயிலை

தங்கம் ஏமாற்றிய நிலத்தில் தேயிலை காலூன்றியது. அன்றைய கம்பெனிகளின் நினைவாகக் கிளன்ராக் போன்ற பெயர்கள் இன்னும் பந்தலூர் மலைகளில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அடுத்த திருப்பம் இலங்கையிலிருந்து வந்தது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கை மலையகத் தமிழர் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே தமிழ்நாடு அரசு தேயிலை பயிரிட்டது. 1976-ல் அது டான்டீ என்ற கழகமானது. பந்தலூர், சேரங்கோடு, நெல்லியாளம், கொளப்பள்ளி வட்டாரங்களில் தொழிலாளர்களுக்கான லயன் வீடுகள் எழுந்தன. ஆக, காபியை அழித்த நோய்க்குப் பிறகு இலங்கையிலிருந்து இந்த மலைக்கு வந்தது, தேயிலை கிள்ளத் தெரிந்த ஒரு சமூகம்.

இப்போது டான்டீயும் நஷ்டத்தில் தள்ளாடுகிறது. இரண்டாயிரம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட தோட்ட நிலத்தை வனத்துறையிடம் திருப்பிக்கொடுக்க 2022-ல் அரசு முடிவெடுத்ததிலிருந்து, லயன் வீடுகள் நமக்கு நிலைக்குமா என்பதுதான் தொழிலாளர் குடும்பங்களின் பேச்சு.

தேவாலா பக்கத்துப் பழைய சுரங்கங்களுக்குள் இன்றும் ஆள் இறங்குவது நிற்கவில்லை. அனுமதி இல்லாமல் கல் வெட்டி எடுத்து, அரைத்து, பாதரசத்தில் பொன்னைப் பிரிக்கிறார்கள். மண் சரிந்தும் உள்ளே மூச்சு முட்டியும் செத்தவர்கள் உண்டு. மூடாத குழிகள் காட்டு விலங்குகளுக்கும் பொறிதான். வனத்துறை வாயை அடைப்பதும், யாரோ பக்கத்தில் வேறு வாய் திறப்பதுமாகக் காலம் போகிறது. தங்கம் விற்கும் விலையில் ஒரு கிராம் தேறினாலே பல நாள் தோட்டக் கூலிக்கு மேல் கையில் நிற்கும். 1880-களில் லாபமில்லை என்று கம்பெனிகள் கைவிட்ட பாறையில் இவர்களுக்குக் கணக்கு சரியாக வருகிறது.