முறுக்கு அச்சும் ரேஷன் கார்டும்

"மாமி, எனக்கு இந்தப் படிப்பு வேண்டவே வேண்டாம். அப்பாவிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்!"

நெமிலிச்சேரியில் எங்கள் எதிர் வீட்டுப் பெண், கல்லூரியில் சேர்ந்த இரண்டாம் மாதமே கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றாள். பிளஸ் டூவில் வணிகவியல் படித்தவள், சேர்ந்ததோ பி.சி.ஏ. முதல் நாளே, "பப்ளிக் ஸ்டாடிக் வாய்ட் மெயின்" என்று எழுதிப் போட்டு, "மனப்பாடம் செய்யுங்கள்; அர்த்தம் அப்புறம் தெரியும்" என்றார்களாம். அந்த 'அப்புறம்' இன்னும் வந்தபாடில்லை!

நல்ல வேளையாக, கல்லூரியில் இதே பாடம் நடத்தும் என் சின்ன நாத்தனார் வந்திருந்தாள். நான் பிழிந்துகொண்டிருந்த முறுக்கு அச்சைக் காட்டினாள்.

"அச்சு ஒன்று, முறுக்கு இருபது. அச்சுதான் 'கிளாஸ்', முறுக்குதான் 'ஆப்ஜெக்ட்'."

"அது தெரியும். ஆனால் முறுக்கு ஒன்றும் வேலை செய்யாதே?"

"பலே! அதனால் ரேஷன் கார்டுக்கு வா. எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கார்டு. ஆனால் பெயர் வேறு, சர்க்கரை மிச்சம் வேறு. மிச்சத்தை நீயே திருத்த முடியுமா? கடையில் பில் போட்டால்தான் குறையும். விவரமும், அதை மாற்றும் வழியும் ஒரே இடத்தில் பத்திரமாக இருக்கின்றன. அதுதான் ஆப்ஜெக்ட்!"

இந்த யோசனை பிறந்ததே வரிசைகளிலிருந்துதான். கவுண்ட்டரில் ஜனங்கள் காத்து நிற்பது போன்ற விவகாரங்களைக் கம்ப்யூட்டருக்குள் நடத்திப் பார்க்க, நார்வேயில் டால், நிகார்ட் என்ற இருவர் 1960-களில் 'சிமுலா' மொழியை உருவாக்கினார்கள். 2001-ஆம் ஆண்டின் டூரிங் விருது அவர்களைத் தேடி வந்தது.

இதை முதல் வருஷத்திலேயே கற்பிக்கலாமா? அறிஞர்களிடையே அதுவே பெரிய வழக்கு. 1999-இல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் சர்வகலாசாலையில் உருவான 'புளூஜே', ஆப்ஜெக்டுகளைத் திரையில் பெட்டிகளாகக் காட்டி, அவற்றிலிருந்தே பாடத்தை ஆரம்பித்தது. அமெரிக்காவின் கார்னகி மெலனோ, 2011-இல் ஆரம்பப் பாடத்திலிருந்தே இதை எடுத்துவிட்டது! நம் தமிழ்நாட்டில் 2018-இல் வந்த பிளஸ் ஒன் கணினி அறிவியல் புத்தகம், 'பொருள் நோக்கு நிரலாக்கம்' என்று இதைச் சொல்லித் தருகிறது. வணிகவியல் பிரிவுப் பெண்ணுக்கு அந்த வாய்ப்பு ஏது?

சாயங்காலம் அவள் ரேஷன் கார்டையே புரோகிராமாக எழுதினாள். வந்தது வினை! ஒரு கார்டில் சர்க்கரை வாங்கினால் இரண்டு கார்டிலும் குறைந்தது. 'மிச்சம்' என்பதற்கு முன்னாலும் பழக்கதோஷத்தில் 'ஸ்டாடிக்' போட்டிருந்தாள்.

"ஸ்டாடிக் என்றால் தனித்தனி இல்லை, எல்லாக் கார்டுக்கும் பொதுச் சொத்து" என்றாள் நாத்தனார்.

பெண்ணின் முகம் மலர்ந்தது. 'அப்புறம்' வந்தேவிட்டது!

"அப்பாவிடம் என்ன சொல்லட்டும்?" என்று கேட்டேன்.

"எதைப் பற்றி, மாமி?" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.