தரவுச் சேமிப்பகத்தில் வழங்கிப் போர்ட்டுகளை அமைத்தல்

வழங்கிப் போர்ட் என்பது, நிறுவனங்களின் மையத் தரவுச் சேமிப்பகத்தை வழங்கி எனப்படும் சர்வர் கணினிகளுடன் இணைக்கும் வலையமைப்பு வாயில் ஆகும். வங்கிக் கணக்குகள், மருத்துவமனைப் பதிவுகள், மின்னஞ்சல் பெட்டிகள் போன்றவை பெரும்பாலும் வழங்கியின் உள்வட்டில் இருப்பதில்லை. தனியான சேமிப்பகத்திலேயே வைக்கப்படுகின்றன. அவற்றைப் படிக்கும்போதும் எழுதும்போதும் தரவு இந்தப் போர்ட்டுகள் வழியாகவே சென்று வருகிறது. எல்லாப் பாதைகளும் அறுந்துவிட்டால், சேமிப்பகத்தில் தரவு பத்திரமாக இருந்தாலும் வழங்கிக்கு அது இல்லாததற்குச் சமம். ஆகவே, எந்த ஓர் உறுப்பு பழுதானாலும் தரவை அடைய மற்றொரு பாதை இருக்க வேண்டும் என்பதே இந்த அமைப்பின் அடிப்படை நோக்கம்.

போர்ட்டுகளின் வகைகள்

சேமிப்பகத்தின் பின்புறத்தில் பலவகைப் போர்ட்டுகள் காணப்படும். நிர்வாகி உள்நுழைந்து அமைப்புகளை மாற்ற உதவுவது மேலாண்மைப் போர்ட். கூடுதல் வட்டுப் பெட்டிகளை இணைப்பது விரிவாக்கப் போர்ட். பயனர் தரவு சென்று வருவது வழங்கிப் போர்ட். மேலாண்மைப் போர்ட்டையும் வழங்கிப் போர்ட்டையும் ஒரே வலையமைப்பில் கலப்பது தவிர்க்கப்பட வேண்டியதாகும்.

வழங்கிப் போர்ட்டுகளில் பரவலாக உள்ளவை இரண்டு:

- ஃபைபர் சேனல்: சேமிப்பகப் போக்குவரத்துக்கென்றே உருவாக்கப்பட்ட வலையமைப்பு. ஒவ்வொரு போர்ட்டுக்கும் 64 பிட் நீளமுள்ள உலகளாவிய பெயர் உண்டு. இது 16 பதினறும எண்களாக எழுதப்படும். எந்த வழங்கி எந்தச் சேமிப்பகப் போர்ட்டைக் காணலாம் என்பது ஸ்விட்ச்சில் மண்டலம் பிரிப்பதன் மூலம் முடிவாகிறது.
- ஈதர்நெட்: சாதாரண கணினி வலையமைப்பின் தொழில்நுட்பம். இதில் ஐஸ்கசி நெறிமுறை வட்டுத் தொகுதிகளையும், என்.எஃப்.எஸ்., எஸ்.எம்.பி. ஆகியவை கோப்புகளையும் கொண்டு செல்கின்றன.

ஐஸ்கசி 2004ஆம் ஆண்டில் ஆர்.எஃப்.சி. 3720 என்னும் ஆவணத்தின் மூலம் தரப்படுத்தப்பட்டது; 2014இல் ஆர்.எஃப்.சி. 7143 அதன் இடத்தைப் பிடித்தது. இது பயன்படுத்தும் டி.சி.பி. போர்ட் எண் 3260. இங்கு "போர்ட்" என்பது மென்பொருள் முகவரியை மட்டுமே குறிக்கும். கேபிள் செருகப்படும் வன்பொருள் போர்ட்டுடன் அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இரு பாதை அமைப்பு

நிறுவனத் தரச் சேமிப்பகங்களில் பொதுவாக இரண்டு கட்டுப்பாட்டகங்கள் இருக்கும். ஒன்று நின்றால் மற்றது வேலையை ஏற்கும். இந்தப் பாதுகாப்பு முழுமை பெற, ஸ்விட்ச்சுகளும் வழங்கியின் வலையட்டைகளும் இரண்டிரண்டாக இருக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டாக, ஒவ்வொரு கட்டுப்பாட்டகத்திலும் இரண்டு போர்ட்டுகள் உள்ள சேமிப்பகத்தைக் கொள்வோம். போர்ட் 1 அனைத்தும் முதல் ஸ்விட்ச்சுக்கும், போர்ட் 2 அனைத்தும் இரண்டாம் ஸ்விட்ச்சுக்கும் செல்கின்றன. இரு ஸ்விட்ச்சுகளும் தனித்தனி உபவலைகள்:

- கட்டுப்பாட்டகம் அ, போர்ட் 1: 192.168.10.11
- கட்டுப்பாட்டகம் அ, போர்ட் 2: 192.168.20.11
- கட்டுப்பாட்டகம் ஆ, போர்ட் 1: 192.168.10.12
- கட்டுப்பாட்டகம் ஆ, போர்ட் 2: 192.168.20.12
- வழங்கி, முதல் வலையட்டை: 192.168.10.51
- வழங்கி, இரண்டாம் வலையட்டை: 192.168.20.51

இவ்வமைப்பில் வழங்கிக்கு மொத்தம் நான்கு பாதைகள் கிடைக்கின்றன. ஒரு ஸ்விட்ச் நின்றாலும், ஒரு கட்டுப்பாட்டகம் நின்றாலும் இரண்டு பாதைகள் மிஞ்சும்.

கேபிளை மாற்றிச் செருகுவது இங்கு அடிக்கடி நேரும் தவறு. கட்டுப்பாட்டகம் அ-வின் இரு போர்ட்டுகளும் முதல் ஸ்விட்ச்சுக்கும், ஆ-வின் இரண்டும் மற்ற ஸ்விட்ச்சுக்கும் சென்றுவிட்டால், அன்றாட இயக்கத்தில் எந்தக் குறையும் தெரியாமல் போகலாம். ஆனால் மென்பொருள் புதுப்பிப்புக்காகக் கட்டுப்பாட்டகம் ஆ நிறுத்தப்பட்ட வேளையில் முதல் ஸ்விட்ச்சும் பழுதானால், ஒரு பாதைகூட மிஞ்சாது. சரியான அமைப்பில் இதே இரட்டைப் பழுது நேர்ந்தாலும் கட்டுப்பாட்டகம் அ-வின் இரண்டாம் போர்ட் வழியாக ஒரு பாதை இருந்திருக்கும்.

பொட்டல அளவு

ஈதர்நெட்டில் ஒரு சட்டகம் சுமக்கும் தரவின் வழக்கமான உச்ச அளவு 1500 பைட்டுகள். சேமிப்பகப் போக்குவரத்தில் இதை 9000 ஆக உயர்த்துவது வழக்கம். ஒரே அளவு தரவுக்குக் குறைவான பொட்டலங்கள் போதும் என்பதால் செயலியின் சுமை குறைகிறது.

வழங்கி, சேமிப்பகம் இரண்டிலும் ஒரே அளவு இருக்க வேண்டும். இடையிலுள்ள ஒவ்வொரு ஸ்விட்ச்சும் அந்த அளவை அனுமதிக்க வேண்டும். ஒரு ஸ்விட்ச் மட்டும் 1500இல் நின்றுவிட்டால் விளைவு குழப்பமானது. இணைப்பை ஏற்படுத்தும் செய்திகள் சிறியவை என்பதால் அவை தடையின்றிச் செல்லும். வழங்கியில் வட்டும் தெரியும். பெரிய கோப்பை எழுதத் தொடங்கும்போதுதான் எல்லாம் உறைந்து நிற்கும்.

இதை முன்கூட்டியே கண்டறிய, பொட்டலத்தைத் துண்டாக்கக் கூடாது என்ற நிபந்தனையுடன் 8972 பைட் அளவுள்ள பிங் அனுப்பப்படுகிறது. 9000இலிருந்து ஐ.பி. தலைப்பின் 20 பைட்டுகளையும், ஐ.சி.எம்.பி. தலைப்பின் 8 பைட்டுகளையும் கழித்தால் கிடைப்பது இந்த எண். அளவு குறிப்பிடாத வழக்கமான பிங் வெற்றி பெறுவது இதற்குச் சான்றாகாது.

இணைப்புத் திரட்டலும் பல்பாதையும்

இரண்டு போர்ட்டுகளை ஒன்றுபோல் நடத்த இரு வழிகள் உள்ளன. இணைப்புத் திரட்டலில் பல கேபிள்கள் ஒரே இணைப்பாகக் கட்டப்படுகின்றன. கோப்புப் பகிர்வுக்கு இது ஏற்றது. பல பயனர்களின் போக்குவரத்து கேபிள்களுக்கிடையே பங்கிடப்படும். ஆனால் ஒரு தனி உரையாடல் பொதுவாக ஒரே கேபிளில்தான் செல்லும். எனவே இரண்டு 10 கிகாபிட் இணைப்புகளைத் திரட்டினால் ஒரு வழங்கியின் ஓர் இணைப்புக்கு 20 கிகாபிட் வேகம் கிடைத்துவிடாது.

ஐஸ்கசி, ஃபைபர் சேனல் ஆகியவற்றுக்குப் பல்பாதை முறையே வழக்கம். இதில் வழங்கியின் இயங்குதளம் நான்கு பாதைகளையும் தனித்தனியே அறிந்து, அவை ஒரே வட்டுக்குச் செல்பவை என்று புரிந்துகொள்கிறது. பல்பாதை மென்பொருள் நிறுவப்படாவிட்டால் ஒரே வட்டு நான்கு வட்டுகளாகத் தோன்றும். அவற்றைத் தனி வட்டுகள் என்று கருதிப் பயன்படுத்தினால் தரவு சிதைய நேரும்.

பாதுகாப்பு

ஐஸ்கசி தரவை இயல்பாக மறையாக்கம் செய்வதில்லை. ஆகவே சேமிப்பகப் போக்குவரத்துக்குத் தனி ஸ்விட்ச்சுகளோ, குறைந்தது தனி மெய்நிகர் உள்வலையோ ஒதுக்கப்படுகிறது. சாப் எனப்படும் கடவுச்சொல் சோதனை மூலம் வழங்கியின் அடையாளத்தைச் சரிபார்க்கலாம். இருதரப்பும் ஒன்றையொன்று சரிபார்க்கும் முறையும் உண்டு. இதற்கும் மேலாக, ஒவ்வொரு வட்டையும் எந்த வழங்கி காணலாம் என்பதைச் சேமிப்பகத்திலேயே வரையறுக்க வேண்டும். தொடர்பில்லாத இரு வழங்கிகள் ஒரே வட்டில் எழுதினால், தீய நோக்கம் எதுவும் இல்லாமலே தரவு அழிந்துவிடும்.

சோதித்தல்

போர்ட்டுகளை அமைத்தபின், உண்மையான தரவு ஏற்றப்படுமுன் கீழ்க்காணும் வரிசையில் சோதிக்கலாம்:

1. ஒவ்வொரு வலையட்டையிலிருந்தும் அதே உபவலையிலுள்ள ஒவ்வொரு சேமிப்பகப் போர்ட்டுக்கும் சிறிய, பெரிய பிங்குகளை அனுப்புதல்.
2. பல்பாதைக் கருவியில் எதிர்பார்த்த எண்ணிக்கையில் பாதைகள் தெரிகின்றனவா என்று எண்ணுதல்.
3. வட்டில் தொடர்ந்து எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு கேபிளைக் கழற்றுதல். எழுத்து சற்றுத் தயங்கலாம். பிழையுடன் நிற்கக் கூடாது.
4. கேபிளைத் திரும்பச் செருகி, எல்லாப் பாதைகளும் மீண்ட பின்னரே அடுத்ததைக் கழற்றுதல்.
5. ஸ்விட்ச்சுகளையும் கட்டுப்பாட்டகங்களையும் ஒவ்வொன்றாக நிறுத்தி இதையே மீண்டும் செய்தல்.

பல்பாதை அமைப்பின் வலிமையே அதன் ஆபத்தும் ஆகும். ஒரு பாதை அறுந்தால் பயனர் எதையும் உணர்வதில்லை. வேலை தொடர்ந்து நடக்கும். அறுந்த பாதையை யாரும் கவனிக்காமல் மாதங்கள் கழியலாம். மிஞ்சிய பாதையும் அறும்போதுதான் பழுது வெளிப்படும்; அப்போது சேவை முழுவதும் நின்றிருக்கும். ஆகவே பாதைகளின் எண்ணிக்கை குறைந்தவுடன் நிர்வாகிக்கு எச்சரிக்கை செல்லும்படி அமைப்பதும், எந்தக் கேபிள் எந்தப் போர்ட்டுக்கு உரியது என்று பெயர்ச்சீட்டு ஒட்டுவதும் போர்ட் அமைப்பின் பகுதிகளாகவே கருதப்பட வேண்டும். கட்டுப்பாட்டகத்தைப் புதுப்பிக்குமுன் ஒவ்வொரு முறையும் பாதைகளை எண்ணிப் பார்ப்பதும் அவ்வாறே இன்றியமையாதது.