ஜிப்புக்குள் செய்த திருத்தம் எங்கே போனது?

மின்னஞ்சலில் வந்த ஜிப்பைத் திறந்து, உள்ளே இருந்த கோப்பில் திருத்தம் செய்து சேமித்தாராம் வாசகர் ஒருவர். மறுநாள் அதே ஜிப்பைத் திறந்தால் பழைய கோப்பேதான் இருக்கிறது. திருத்தியதெல்லாம் எங்கே போனது என்று கேட்கிறார்.

'ஜிப்பை அவிழ்க்காமலே திறக்கலாம்' என்று விளம்பரம் செய்யும் செயலிகளை நம்பாதீர்கள். சுருக்கப்பட்ட கோப்பை அவிழ்க்காமல் எந்தச் செயலியாலும் படிக்க முடியாது. எப்போதும் நடப்பது நகல் எடுப்பதுதான்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய பத்திரம் கேட்டால் பதிவேட்டைத் தூக்கி நம் கையில் தருவதில்லை. அட்டவணையில் பக்கம் பார்த்து நகல் போட்டுத் தருகிறார்கள். ஜிப்புக்கும் அப்படியொரு அட்டவணை உண்டு. அது கோப்பின் தலையில் இல்லை, வாலில் இருக்கிறது. ஜிப்பைத் திறக்கும் கருவி நேரே கடைசிக்குப் போய், அங்கிருந்து பின்னோக்கி வந்து, 'பிகே' என்ற இரண்டு எழுத்தும் அதையொட்டி 5, 6 என்ற எண்களும் உள்ள இடத்தைத் தேடும். அங்கே இருக்கும் முடிவுப் பதிவு குறைந்தது 22 பைட் நீளம்; அட்டவணை எங்கே தொடங்குகிறது என்பதை அதுதான் சொல்லும். ஒவ்வொரு கோப்பின் பெயரும், அளவும், அது தொடங்கும் இடமும் அட்டவணையில் இருக்கும். பெரிய ஜிப்பிலும் பெயர்ப்பட்டியல் சட்டென்று வருவது இதனால்தான். பதிவிறக்கம் கடைசி நொடியில் அறுந்துபோனால், தரவு ஏறக்குறைய முழுதும் வந்திருந்தும் ஜிப் திறக்க மறுப்பதற்கும் இதுவே காரணம். எவ்வளவு அழகான ஏற்பாடு! புதுக் கோப்பைச் சேர்க்க, முன்னால் இருப்பவற்றைத் தொடவே வேண்டாம். வாலை மட்டும் மாற்றி எழுதினால் போதும்.

இந்த வடிவம் 1989இல் அமெரிக்கரான பில் காட்ஸின் நிறுவனத்திலிருந்து வந்தது. 'பிகே' அவருடைய பெயரின் முதலெழுத்துகள். வரலாறு இவ்வளவு போதும்.

கோப்பின் மீது இருமுறை சொடுக்கியதும் கருவி அதை மட்டும் அவிழ்த்து, தற்காலிகக் கோப்புறையில் நகலாக வைத்து, வேர்டையோ எக்செல்லையோ அழைத்து அந்த நகலைக் கொடுக்கிறது. நீங்கள் திருத்துவது அந்த நகலை. பத்திர நகலில் பேனாவால் எழுதினால் பதிவேடு மாறுமா? 7-ஜிப் போன்ற கருவிகள் நகல் மாறியிருப்பதைக் கவனித்து, 'மூலத்திலும் மாற்றவா?' என்று கேட்கும். அப்போது 'வேண்டாம்' என்றாலோ, கேட்காத கருவியாக இருந்தாலோ திருத்தம் மூலத்துக்குப் போகாது.

அந்த ஓர் இடத்தில் மட்டும் திருத்திவிட முடியாதா? முடியாது. சுருக்கும் முறையே அதற்கு இடம் தராது. ஒரு சொற்றொடர் திரும்ப வந்தால், 'இத்தனை எழுத்துக்கு முன்னால் வந்ததையே எடுத்துக்கொள்' என்ற குறிப்புதான் அங்கே இருக்கும். ஜிப்பில் இந்தக் குறிப்பு 32 கிலோபைட் தூரம்வரை பின்னோக்கிப் போகும். ஓர் எழுத்தை மாற்றினால், அதைச் சுட்டும் குறிப்புகளெல்லாம் பிழையாகும். கோப்பின் நீளமும் மாறும், பின்னால் இருப்பவை இடம்பெயரும், அட்டவணையும் பொய்யாகும். ஒரு பத்திரத்தைத் திருத்த மொத்தப் பதிவேட்டையும் பெயர்த்து எழுதி, பக்க எண்களையும் மாற்றுவது போன்ற வேலை. அதனால்தான் கருவிகள் புது ஜிப்பாகவே எழுதிவிடுகின்றன.

நகல் எடுக்கும் இந்த வழியில் ஆபத்தும் உண்டு. 2023இல் ஜிப்பைத் திறக்கும் வின்ரார் செயலியில் ஓர் ஓட்டை தெரியவந்தது. படக் கோப்பின் பெயரிலேயே ஒரு கோப்புறையையும் ஜிப்புக்குள் வைத்துவிட்டால், படத்தைச் சொடுக்கும்போது அந்தக் கோப்புறையில் ஒளிந்திருந்த நிரலும் தற்காலிக இடத்துக்கு வந்து இயங்கிவிடும். தாக்குதல்காரர்கள் இதைப் பயன்படுத்தவும் செய்தார்கள். வின்ராரின் 6.23ஆம் பதிப்பில் அந்த ஓட்டை சரிசெய்யப்பட்டது.

திருத்த வேண்டிய கோப்பை முதலில் ஒரு கோப்புறையில் பிரித்தெடுத்துக்கொண்டு, பிறகு திறவுங்கள். வின்ராரின் பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் இன்றே புதுப்பித்துவிடுங்கள்.