சுமை வண்டிக்கு டயர் மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

விளைந்ததைச் சந்தை சேர்ப்பதும் விவசாயத்தில் ஒரு பகுதிதான். 2005-ல் டாட்டா ஏஸ் வந்த பிறகு, மக்கள் ‘குட்டி யானை’ என்று அழைக்கும் சிறு சுமை வண்டிகள் கிராமங்களில் பெருகிவிட்டன. தனியாக வாங்கியவர்களும் உண்டு. அண்ணன் தம்பிகள் சேர்ந்து வாங்கியவர்களும் உண்டு. தக்காளி, வாழைத்தார், தீவனம், உர மூட்டை எல்லாம் இவற்றில்தான் போகின்றன.

இரவில் காய் ஏற்றிய வண்டி வழியில் டயர் வெடித்து நின்றுவிட்டால், விடிகாலை ஏலம் தவறிப் போகும். உழவர் சந்தையிலும் காலையோடு வியாபாரம் முடிந்துவிடும். பிறகு கேட்ட விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். முன் டயர் வெடித்தாலோ நஷ்டம் காயோடு நிற்காது. ஆகவே, டயர் நம் சுமைக்கு ஏற்றதா, எப்போது செய்தது என்ற இரண்டையும் பார்த்த பிறகே விலை பேச வேண்டும்.

எப்போது மாற்றுவது?

மாட்டு வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டை தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். டயரில் பாதிக் கேடு உள்ளே நடக்கிறது. எனவே சில அடையாளங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

டயரின் பள்ளங்களுக்குள் ஆங்காங்கே சிறு ரப்பர் மேடுகள் இருக்கும். அவை இருக்கும் இடத்தைக் காட்ட, டயரின் தோள் பகுதியில் டி.டபிள்யூ.ஐ. என்ற ஆங்கில எழுத்துகளோ முக்கோணக் குறியோ போட்டிருக்கும். டயர் தேய்ந்து இந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்று பொருள். அதற்கு மேல் ஓட்டக் கூடாது. மழை நீரை ஒதுக்கித் தள்ள அந்தப் பள்ளம் போதாது. பிரேக் போட்டால் வண்டி வழுக்கும்.

பக்கவாட்டில் கொப்புளம் போல் வீங்கியிருந்தாலும், வெட்டுக்குள் நூலோ கம்பியோ தெரிந்தாலும், பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் அந்த டயரைக் கழற்றிவிட வேண்டும்.

விவசாயிகளின் வண்டியில் இன்னொரு விஷயம் உண்டு. வாடகை வண்டி தினமும் ஓடித் தேய்கிறது. நம் வண்டி அறுவடைக் காலத்தில் ஓடுகிறது; மற்ற நாட்களில் வெயிலில் நிற்கிறது. பட்டன் தேயாமலே ரப்பர் காய்ந்து, பக்கவாட்டில் மயிரிழை போல் வெடிப்பு விடுகிறது. பார்வைக்குப் புதிது போல் இருக்கும் இப்படிப்பட்ட டயர்தான் பாரம் ஏற்றியதும் ஏமாற்றும். ஸ்டெப்னியும் அப்படியே. வருடக்கணக்காகத் தொங்கிய ஸ்டெப்னியைப் பரிசோதிக்காமல் பாரத்தோடு மாட்டக் கூடாது.

பழைய டயர் சொல்லும் சேதி

பழைய டயரை விற்பதற்கு முன் அது எப்படித் தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம் அடித்திருக்கிறீர்கள். இரு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு அல்லது பாரம் அதிகம். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கர அலைன்மென்ட் சரியில்லை. திட்டுத் திட்டாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரையோ வீல் பேலன்சையோ பார்க்க வேண்டும். இந்தக் குறைகளைச் சரிசெய்யாமல் புது டயர் மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும்.

எண்களைப் படிப்பது எப்படி?

டயரின் பக்கவாட்டில் உள்ள எண்களைப் படிக்கத் தெரிந்தால் கடைக்காரரை மட்டும் நம்பி இருக்க வேண்டியதில்லை. டாட்டா ஏஸ் வண்டிகளில் காணப்படும் ‘145 ஆர் 12 எல்.டி. 8 பி.ஆர்.’ என்ற அளவை எடுத்துக்கொள்வோம். 145 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். ஆர் என்றால் ரேடியல். 12 என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். எல்.டி. என்ற எழுத்துகள் இது சிறு சுமை வண்டிக்கு உரியது என்று காட்டுகின்றன. 8 பி.ஆர். என்பது பலத்தின் அளவு. பருத்தி நூல் அடுக்குகளைக் கொண்டு டயர் செய்த காலத்தில் அது அடுக்குகளின் எண்ணிக்கையாக இருந்தது. இன்று பலத்தை மட்டுமே குறிக்கிறது.

இதற்குப் பக்கத்தில் 86/84 என்பது போல ஒரு சுமை எண் இருக்கும். இதுதான் முக்கியம். 86 என்றால் ஒரு டயர் 530 கிலோ வரை தாங்கும். 84 என்பது ஒரே பக்கத்தில் இரண்டு டயர் சேர்த்து மாட்டினால் ஒவ்வொன்றும் தாங்கும் 500 கிலோ. ஒற்றை டயர் வண்டிக்கு முதல் எண்ணையே பார்க்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பின் டயர் இரண்டும் சேர்ந்து தாங்குவது 1,060 கிலோ. வெறும் வண்டியின் எடையில் 350 கிலோ பின் அச்சில் விழுகிறது என்றும், ஏற்றும் பாரத்தில் ஐந்தில் நான்கு பங்கு பின்னால் இறங்குகிறது என்றும் வைத்துக்கொள்வோம். 25 கிலோ பெட்டியாக 30 பெட்டி தக்காளி ஏற்றினால் 750 கிலோ. அதில் 600 கிலோ பின்னால் இறங்கும். வண்டி எடையோடு 950 கிலோ, தாங்கும். ‘ஒரே நடையில் முடித்துவிடலாம்’ என்று 44 பெட்டி ஏற்றினால் 1,100 கிலோ. பின்னால் 880, வண்டி எடையோடு 1,230 கிலோ. டயர் தாங்குவதைவிட 170 கிலோ அதிகம்! அன்றைக்கே வெடிக்காமல் போகலாம். ஆனால் டயரின் உள்நூல் அன்றைக்கே நோகத் தொடங்கிவிடும்.

அப்படியானால் பலம் கூடிய டயர் மாட்டி அதிகம் ஏற்றலாமா என்று சிலர் கேட்கலாம். கூடாது. டயர் பலத்தால் அச்சும் பட்டையும் பிரேக்கும் பலம் பெற்றுவிடாது. பதிவுச் சான்றில் உள்ள எடைதான் எல்லை.

கார் டயர் வேண்டாம்

ரிம்மில் பொருந்துகிறது, விலையும் குறைவு என்று கார் டயரைச் சுமை வண்டிக்கு மாட்டுவோர் உண்டு. இது பெரிய தவறு. 165/80 ஆர் 14 என்ற கார் டயரின் சுமை எண் 85. அது தாங்குவது 515 கிலோ. 185 ஆர் 14 எல்.டி. 8 பி.ஆர். சுமை டயரின் எண் 102. அது 850 கிலோ தாங்கும். இரண்டுக்கும் ரிம் 14 அங்குலம்தான். வித்தியாசம் ஒரு டயருக்கு 335 கிலோ! ஆகவே வண்டியின் கையேட்டிலோ, வண்டியில் ஒட்டியுள்ள தகட்டிலோ உள்ள அளவையே வாங்க வேண்டும்.

ரேடியலா, நைலானா?

நைலான் டயரின் பக்கச் சுவர் விறைப்பானது, கல் வெட்டைத் தாங்கும், விலையும் குறைவு. ஆனால் தார்ச் சாலையில் வேகமாக ஓடினால் அதிகம் சூடாகும். ரேடியல் டயர் சூடு குறைவாக ஓடும், அதிக நாள் உழைக்கும், எரிபொருளும் மிச்சமாகும். ஆனால் அதன் பக்கச் சுவர் மெல்லியது. வரப்போரக் கல்லிலும் கருவேல முள்ளிலும் உரசாமல் ஓட்ட வேண்டும். நெடுந்தூரம் சந்தைக்குப் போகிறவர்களுக்கு ரேடியல் நல்லது. ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியலும் மறுபக்கம் நைலானும் மாட்டவே கூடாது. டியூப் உள்ள டயரானால், புது டயருக்குப் புது டியூப் போட வேண்டும். ரேடியலுக்கு ரேடியல் டியூப்தான் ஏற்றது.

பட்டன் வகையைத் தேர்ந்தெடுக்கும்போது வண்டி எங்கே அதிகம் ஓடுகிறது என்று பாருங்கள். தோட்டத்து மண்பாதை 2 கிலோமீட்டர், சந்தைக்குத் தார்ச்சாலை 40 கிலோமீட்டர் என்றால் சாதாரணச் சாலை டயரே போதும். மழைக்காலத்துச் சில நாள் சேற்றுக்காகப் பெரிய பட்டன் டயர் வாங்கினால் ஆண்டு முழுவதும் தார்ச்சாலையில் அது வீணாகத் தேயும்.

புதிதா, பழையதா?

விலையை மட்டும் பார்க்காமல், ஒரு கிலோமீட்டருக்கு என்ன செலவு என்று பார்க்க வேண்டும். உதாரணமாக, 5,000 ரூபாய் புது டயர் 40,000 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 12½ காசு. 2,000 ரூபாய் பழைய டயர் 10,000 கிலோமீட்டர் ஓடினால் 20 காசு. மலிவு போலத் தெரிவதுதான் இங்கே விலை கூடியது. வழியில் நிற்கும் நஷ்டம் இந்தக் கணக்கில் சேரவில்லை.

ரீட்ரெட் செய்வதானால் கேசிங் வெட்டு, வீக்கம், பெரிய ஒட்டு எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். அதையும் பின் சக்கரத்துக்கு மட்டுமே போட வேண்டும். முன் சக்கரத்துக்கு ஆகாது.

புது டயரிலும் வயது பார்க்க வேண்டும். பக்கவாட்டில் ஒரு சிறு வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2324 என்றிருந்தால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. கடையில் பல ஆண்டு கிடந்த டயரைப் புது விலைக்கு வாங்காதீர்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் இவ்வகை டயர்களுக்கான சரக்கு சேவை வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ரசீது கேட்டு வாங்கினால் வரி எவ்வளவு என்று தெரியும். டயரில் குறை இருந்தால் முறையிடவும் உதவும்.

நான்கும் மாற்றப் பணம் இல்லையென்றால் ஒரே அச்சின் இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். புது ஜோடியைப் பின்னால் போடுவது நல்லது. ஈரச் சாலையில் பின் சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். முன்னால் போகும் பழைய டயர்கள் வெடிப்பும் வீக்கமும் இல்லாதவையாக இருக்க வேண்டும்.

கோடையில் காற்றைக் குறைக்காதீர்கள்

வெயிலில் டயர் வெடிக்கும் என்று பயந்து பலர் காற்றைக் குறைத்து ஓட்டுகிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி நிமிர்கிறது. அதனால் உள்ளே சூடு ஏறுகிறது, ரப்பரும் நூலும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன, கடைசியில் வெடிக்கிறது. ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடியிருப்பது இயல்பு. அதைப் பார்த்துக் காற்றைப் பிடுங்கிவிடக் கூடாது.

காலையில் வண்டி எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றை அளக்க வேண்டும். வண்டித் தகட்டில் பாரத்துக்கும் வெறும் வண்டிக்கும் தனித்தனி அளவு கொடுத்திருந்தால் அதன்படி அடிக்க வேண்டும். வாரம் ஒரு முறை ஸ்டெப்னி உட்பட ஐந்து டயர்களையும் பார்த்துவிடுங்கள். வால்வு மூடிகள் எல்லாம் இருக்கட்டும்.

அளவு, சுமை எண், செய்த வாரம் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு டயர் கடைக்குப் போங்கள். அந்த மூன்றும் பொருந்திய பிறகு பேரம் பேசுங்கள். வயலில் பட்ட பாடு வழியில் வீணாகாமல் சந்தை சேர இதுவே வழி.