ஊர் மட்டும் மாறினால் போதுமா? வேலையும் மாற வேண்டாமா?



திருப்பதிக்குப் போனாலும் சரி, ஊட்டிக்குப் போனாலும் சரி, குடும்பத்தோடு கிளம்புகிற சுற்றுலாவில் ஒருத்திக்கு மட்டும் லீவே கிடையாது. புளியோதரை கட்டுவதிலிருந்து, குழந்தைகளின் மாற்றுத் துணி, மாமனாரின் மாத்திரை, ரயிலில் யாருக்கு எந்த பெர்த் என்பது வரை எல்லாம் அவள் தலையில்தான். ஊர் மாறும், வேலை மாறாது. நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா என்ன?

சமீபத்தில் நானும், என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த தோழியும் மலேசியாவுக்கு ஐந்து நாள் போய் வந்தோம். டிராவல்ஸ்காரர்கள் அழைத்துப் போகும் குழுப் பயணம். டிக்கெட், ஓட்டல், சாப்பாடு, வண்டி, வழிகாட்டி எல்லாம் அவர்கள் பொறுப்பு. இரண்டு பேருக்குமே அதுதான் முதல் வெளிநாடு. ஏன், விமானத்தில் ஏறியதே அதுதான் முதல் தடவை!

"ரெண்டு பொம்பளைங்க மட்டும் வெளிநாடா?" என்று தெருவில் கேட்காதவர்கள் இல்லை. "ஏஜென்ட்டுக்கு எதுக்குக் காசைக் கொட்டறீங்க? நெட்டில நாமே புக் பண்ணிட்டா மிச்சமாகுமே" என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. மிச்சமாகலாம். ஆனால் அப்படிப் போனால் ஓட்டல் தேடுவதும், வண்டி பேசுவதும், அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு அலைவதும் மறுபடி நம் தலையில்தானே? வீட்டில் செய்வதையே இன்னொரு நாட்டில் போய்ச் செய்வதற்கு எதற்கு இவ்வளவு தூரம் போக வேண்டும்?

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் தோழிதான். அவள் மாமியார் ஆறு வருஷம் படுத்த படுக்கையாக இருந்து போன வருஷம் காலமானார். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து அவரைத் திருப்பிப் படுக்க வைப்பது இவள் வழக்கம். அவர் போன பிறகும் அந்த இரண்டு மணிக்கு விழிப்பு வருவது மட்டும் நிற்கவில்லை. "எங்கேயாவது போய் நாலு நாள் சும்மா உட்காரணும்டி. யாரும் என்னை எதுவும் கேக்கக் கூடாது" என்றாள். வேறு எதுவும் அவள் கேட்கவில்லை.

பணத்துக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்பீர்கள். மாதம் 2,000 ரூபாய் வீதம் 25 மாத ஏலச்சீட்டில் இரண்டு பேரும் சேர்ந்திருந்தோம். வளையலுக்கு என்று போட்ட சீட்டுதான், பயணத்துக்கு ஆகட்டும் என்று முடிவு செய்தோம். என் வீட்டுக்காரர், "பசங்களை நான் பாத்துக்கறேன், ரசம் வைக்க மட்டும் சொல்லிக் குடுத்துட்டுப் போ" என்றார். சொல்லிக் கொடுத்தேன். நான் திரும்பி வந்த பிறகு அந்த ரசம் பற்றி வீட்டில் யாரும் பேச்செடுக்கவில்லை!

பாஸ்போர்ட் எடுப்பது நாம் பயப்படுகிற அளவுக்குக் கஷ்டமில்லை. 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய், 10 வருஷம் செல்லும். கல்யாணச் சான்றிதழ் கட்டாயமில்லை என்று 2016 டிசம்பரிலேயே விதியை மாற்றிவிட்டார்கள். பத்தாம் வகுப்பு பாஸ் செய்தவர்கள் அந்தச் சான்றிதழை மறக்காமல் காட்டுங்கள். அது இருந்தால் 'இ.சி.ஆர்.' என்ற குறிப்பு இல்லாத பாஸ்போர்ட் கிடைக்கும். இந்தக் குறிப்பு உள்ளவர்கள் வேலைக்குப் போவதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டிய நாடுகளின் பட்டியலில் மலேசியாவும் இருக்கிறது. சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு அந்த அனுமதி தேவையில்லை. இருந்தாலும் குறிப்பே இல்லாவிட்டால் கேள்வி குறையும் அல்லவா? இத்தனை வருஷமாக பீரோவில் தூங்கிக்கொண்டிருந்த என் பத்தாம் வகுப்புச் சான்றிதழ், முதல் தடவையாக எனக்கென்று ஒரு வேலை செய்தது. இன்னொன்று, கிளம்பும்போது பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதமாவது பாக்கி இருக்க வேண்டும்.

மலேசியாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமலே 30 நாள் வரை அங்கே சுற்றிப் பார்க்கலாம் என்று அறிவித்து, அதை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். போவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைனில் ஒரு வருகை அட்டை மட்டும் நிரப்ப வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. அதையும் டிராவல்ஸ்காரர்களே செய்துவிட்டார்கள். சென்னைக்குப் போய் ஏற வேண்டிய அவசியமும் இல்லை. 2008-லேயே ஏர் ஏசியா திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு விமானம் விட ஆரம்பித்துவிட்டது. ஏறினால் சுமார் நாலு மணி நேரம்தான்.

'எல்லாம் சேர்த்து' என்று விளம்பரத்தில் போட்டிருப்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள், தோழிகளே. நாங்கள் முதலில் விசாரித்த ஒரு இடத்தில் ஆளுக்கு 8,000 ரூபாய் குறைவாகச் சொன்னார்கள். தாளை வாங்கிப் படித்தால் கேபிள் கார் டிக்கெட் தனி, ராத்திரிச் சாப்பாடு தனி, ஏர்போர்ட்டிலிருந்து ஓட்டலுக்கு வண்டியும் தனி! கூட்டிப் பார்த்தால் மற்ற இடத்தைவிட அதிகமாகவே வந்தது. அதனால் பணம் கட்டுமுன் இவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: எந்தெந்த வேளைச் சாப்பாடு உண்டு, நுழைவுக் கட்டணம் எதெதற்குச் சேர்ந்தது, ஓட்டலின் பெயர் என்ன, பயணக் காப்பீடு உண்டா, போக முடியாமல் போனால் எவ்வளவு திரும்ப வரும். இரண்டு பேராகப் போவதில் ஒரு லாபம், அறையைப் பகிர்ந்துகொள்ளலாம். ஒற்றை ஆளாகப் போனால் அறைக்குக் கூடுதலாகக் கேட்பார்கள். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகையோடு டி.சி.எஸ். என்று ஒரு வரிப் பிடித்தமும் உண்டு. உங்கள் பெயரில் பான் கார்டு கொடுத்துக் கட்டுங்கள். வருமான வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவர்கள் கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்ப வாங்கிவிடலாம்.

நகை விஷயத்தில் கவனம் தேவை. தாலிச் சங்கிலி, ஆளுக்கு இரண்டு வளையல், அவ்வளவோடு கிளம்பினோம். அதிகம் போட்டுக்கொண்டு போவதாக இருந்தால், கிளம்பும்போதே சுங்க அதிகாரிகளிடம் காட்டிச் சான்று வாங்கிக்கொள்ள வேண்டும். திரும்பும்போது 'இதை எங்கே வாங்கினீர்கள்?' என்ற கேள்வி வராது. 'குருவி' என்றால் என்ன என்று திருச்சிக்காரர்களுக்குத் தெரியும். எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும், "இந்தப் பொட்டலத்தை மட்டும் கொண்டு வந்துடும்மா" என்றால், முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள்.

2024 ஜூனில் செயல்படத் தொடங்கிய நம் புது விமான நிலைய முனையத்தைப் பார்த்தபோதே பாதி பயம் போய்விட்டது. நம் ஸ்ரீரங்கம் கோபுரத்தின் சாயலும் வண்ணமும் அதில் இருக்கிறது. அங்கே போய் இறங்கினால் கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும்.

பத்துமலை முருகன் 140 அடி உயரம், 2006 ஜனவரியில் திறந்தார்களாம். அதைச் செய்தவர் நம் திருவாரூர்ச் சிற்பி தியாகராஜன். அவர் கைவண்ணத்திலேயே சேலம் மாவட்டம் புத்திரகவுண்டன்பாளையத்தில் 146 அடி முருகன் எழுந்து 2022-ல் கும்பாபிஷேகமும் ஆகிவிட்டது. குகைக்கு 272 படி. மலைக்கோட்டைப் படி ஏறிப் பழகிய நமக்கு அது ஒரு பொருட்டா? குரங்குகள்தான் பையைப் பிடுங்க வருகின்றன, ஜாக்கிரதை. பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் 452 மீட்டர். நம் ராஜகோபுரம் 236 அடி என்பதால் ஆறு மடங்குக்கும் மேல். அண்ணாந்து பார்த்துவிட்டு என் தோழி, "எல்லாம் சரிடி, உள்ளே பெருமாள் இல்லையே" என்றாள்!

சைவம் சாப்பிடுகிறவர்கள் கேட்டுச் சாப்பிட வேண்டும். அங்கே பிரபலமான நாசி லெமாக்கில் நெத்திலி இருக்கும், சம்பலில் இறால் விழுது கலப்பார்கள். எங்கள் வழிகாட்டி முன்கூட்டியே சொல்லி வைத்ததால் சிரமம் இல்லை.

முதல் நாள் காலை ஓட்டலில் சாப்பிட்டு முடித்ததும் என் தோழி பழக்கதோஷத்தில் தட்டுகளை அடுக்க ஆரம்பித்துவிட்டாள். பரிமாறிக்கொண்டிருந்த ஒரு பெண் ஓடி வந்து, "வெச்சிடுங்க அக்கா, அது என் வேலை. நீங்க உக்காருங்க" என்று தமிழில் சொன்னாள். அவளுடைய கொள்ளுப்பாட்டி தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவராம். அந்தக் காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து 'ரஜுலா' போன்ற கப்பலில் நாள்கணக்கில் கடலில் கிடந்து பினாங்கு போய்ச் சேர்வார்கள் என்று என் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ரப்பர் பால் வெட்டப் போன பெண்களுக்கு ஓய்வு என்று யார் ஏற்பாடு செய்தார்கள்? "நீ இந்தியா வந்திருக்கியாம்மா?" என்று கேட்டேன். "இல்லக்கா, லீவு கிடைக்கறதில்ல" என்றாள். நாங்கள் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இன்னொருத்தி நின்றுகொண்டிருக்கிறாள் என்பது அப்போது மனதில் தைத்தது. அதன் பிறகு தினமும் அவளிடம் இரண்டு வார்த்தை பேசாமல் நாங்கள் கிளம்பியதில்லை.

மூன்றாம் நாள் கெந்திங் மலைக்குக் கேபிள் காரில் போய்விட்டு வந்து படுத்தோம். மறுநாள் காலை நான் எழுந்தபோது மணி ஏழு. பக்கத்துக் கட்டிலில் என் தோழி அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு மணிக்கு விழிக்கவில்லை. எழுப்ப மனம் வராமல் காபிகூடக் கலக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

ஊருக்கு வந்ததும் சிலர் "என்ன வாங்கினீங்க?" என்று கேட்டார்கள். சாக்லெட்டும், குழந்தைகளுக்கு ஆளுக்கொரு பனியனும்தான். ஆனால் நாங்கள் இல்லாத அந்த ஐந்து நாளும் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரிந்தது, குழந்தைகள் பள்ளிக்குப் போனார்கள், வாசலில் கோலமும் விழுந்தது. கொஞ்சம் கோணலாகத்தான்! மலேசியாதான் என்றில்லை, வசதிக்கேற்ப ராமேஸ்வரமாகவும் இருக்கட்டும். வருஷம் முழுக்க எல்லோருக்கும் ஏற்பாடு செய்கிற நமக்கு, ஒரு தடவையாவது இன்னொருவர் ஏற்பாடு செய்யட்டுமே. அடுத்த சீட்டு போடும்போது, தோழிகளே, இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

– ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்